மூன்று சந்திப்பும் ஒரு பெயரும்

அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பெல்லக்கர் மாவட்டம் நாலாம் வட்டாரத்தில், நேரில் பார்க்காத மனிதருக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. பார்த்தால் மட்டும் போதாது, கையைப் பிடித்துக் குலுக்கியிருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது, மூன்று தடவை. ஒரு தடவை பார்த்துவிட்டு மாடு வாங்குகிறவன் முட்டாள், இரண்டு தடவை பார்த்துவிட்டு வாங்குகிறவன் அவசரக்காரன் என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள். நாட்டுக்கே தலைவராக வரப்போகிறவருக்கு ஒரு மாட்டுக்குக் கொடுக்கும் மரியாதையையாவது கொடுக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி.

நாலாம் வட்டாரத்தில் கட்சிக்கு மொத்தம் நாற்பத்தொரு ஓட்டு. கட்சி, பழமையைப் பேணுகிற கட்சி. அரசாங்கம் சுருங்க வேண்டும், காகிதம் குறைய வேண்டும், மனிதனை மனிதன் நம்ப வேண்டும் என்பவை அதன் கொள்கைகள். இந்தக் கொள்கைகளைச் செவ்வனே நிறைவேற்றும் பொருட்டு மாவட்டக் கட்சி அலுவலகம் பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்திருந்தது. அதன் பெயர் 'வேட்பாளர் குறித்த தனிப்பட்ட அபிப்பிராயச் சான்றிதழ்'. ஒவ்வொரு வட்டாரத் தலைவரும் வேட்பாளரை மூன்று முறை சந்தித்து, மூன்று பிரதிகளில் நிரப்பி, மாவட்டச் செயலாளர் லவோன் அம்மாளிடம் ஒப்படைக்க வேண்டும்.

நாலாம் வட்டாரத்தின் தலைவர் கெர்ரிட் வான் ஸ்ட்ராட்டன். சோளமும் பன்றியும் வைத்திருப்பவர், வயது எழுபத்தொன்று. இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர். அவருக்குப் பணம் காசில் பெரிய ஆசை கிடையாது. ஆனால் 'கெர்ரிட் ஒருத்தனைப் பார்த்தால் போதும், எக்ஸ்ரே எடுத்த மாதிரி' என்று தானியக் கிடங்கின் காபி மேஜையில் யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு இரண்டு ரொட்டி கூடச் சாப்பிடுவார். மற்ற நாற்பது பேரும் அவர் அபிப்பிராயம் என்னவோ அதையே ஓட்டாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அந்தச் சொத்தின்மேல் டெல்மர் ஹூக்ஸ்ட்ரா என்கிற பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நெடுநாளாக ஒரு கண்.

படிவத்தோடு விதிகளும் வந்தன. அவற்றில் இரண்டாம் விதிக்கு ஒரு வரலாறு உண்டு. போன தேர்தலில் தொலைக்காட்சியில் ஒருவரைப் பார்த்து மாவட்டமே மயங்கிக் கிடந்தது. ஆள் நேரில் வந்தபோது தொலைக்காட்சியில் இருந்ததைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தார். ஒரு சாண் விஷயத்தில் ஏமாற்றியவர் வேறு எதில்தான் ஏமாற்றமாட்டார் என்று மாவட்டம் கொதித்துப்போனது. ஆகவே துணைக்குழு ஒன்று எட்டு மாதம் கூடி ஆராய்ந்து, 'வேட்பாளரின் படத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றித் தனிப்பட்ட அபிப்பிராயம் கொள்ளும் தகுதியை இழக்கிறார்கள்' என்று விதித்தது.

விதி என்றால் நாலாம் வட்டாரத்துக்கு விதிதான். பிப்ரவரி மாதத்திலிருந்து நாற்பத்தொரு பேரும் செய்தி நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்தார்கள். தபாலில் வந்த விளம்பர அட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் போட்டார்கள். நெடுஞ்சாலையில் கார்ட்டர் பிரெஸ்காட் என்ற வேட்பாளரின் முகம் வீடு உயரத்துக்கு நின்றது. அந்த இடம் வந்தால் கெர்ரிட் காரை மெதுவாக்கி, எதிர்ப்பக்கத்துச் சோளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கினார். அபிப்பிராயம் மட்டும் கறைபடாமல் இருந்தது.

முதல் சந்திப்பு ஆகஸ்ட் மாதம், கெர்ரிட்டின் பண்ணை முற்றத்தில் நடந்தது. நீலநிறப் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். சாயம் போன மேல்சட்டை, முழங்கையில் எண்ணெய்க் கறை. கையைக் கொடுத்தார். உள்ளங்கை வெடித்துக் காய்த்துப்போயிருந்தது. கெர்ரிட்டுக்கு அந்த நொடியே எக்ஸ்ரே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

அவருக்குப் பின்னால் போனும் கையுமாக ஒரு கூட்டம் இறங்கியது. அதில் ஒருவர் விவசாயிகள் போடுகிற முரட்டுத் துணி மேல்சட்டை போட்டிருந்தார். கடையில் மடித்துவைத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. பூட்ஸ், சாணியை ஜென்மத்தில் பார்க்காத பூட்ஸ். கெர்ரிட்டின் கையை நான்கு நொடி பிடித்து, அவர் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து, 'உங்க கதை எனக்கு ரொம்ப முக்கியம்' என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். விதைக் கம்பெனி ஏஜெண்ட் யாரோ கூட ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கெர்ரிட் நினைத்துக்கொண்டார்.

கறைச்சட்டைக்காரரோ முற்றத்திலேயே நின்றார். வடக்கு மூலை வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார். மண்ணுக்கடியில் பதித்த வடிகால் குழாயைப் பற்றி கெர்ரிட் இருபது நிமிஷம் பேசினார். கேட்டு முடித்ததும், அந்தக் குழாயின் வாய் ஓடைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அவர் கேட்டார்.

கெர்ரிட் அசந்து நின்றுவிட்டார். முதல் கேள்வியை எவனும் கேட்பான், அது மரியாதைக்கு. பதிலைக் காதில் வாங்கியவன்தான் இரண்டாவது கேள்வி கேட்பான். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டாவது கேள்வி கேட்ட வேட்பாளரை அவர் பார்த்ததே இல்லை.

"இந்த வேலை கஷ்டமா இருக்குமே உங்களுக்கு?" என்று பரிவோடு கேட்டார்.

"கஷ்டம்னு இல்ல. உக்காந்திருக்கிற வேலைதானே. முன்னாடி என்ன வருதுன்னு கண்ணு அங்கயே இருக்கணும். பின்னாடி இருக்கிறவங்க ஆளுக்கொரு பக்கம் போகச் சொல்லுவாங்க, அதைக் காதுல வாங்கக் கூடாது."

"வெளிநாட்டு விவகாரம்லாம் எப்படி?"

"கனடா எல்லை வரைக்கும் ஒருதரம் போனேன். திரும்பி வந்துட்டேன். நமக்கு உள்ளூரே போதுங்க."

பழமை பேணும் கொள்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி கெர்ரிட் கேட்டதில்லை. படிவத்தின் நாலாம் பக்கத்தில் 'வெளியுறவு: தெளிவான நிலைப்பாடு' என்று எழுதிக்கொண்டார். பெயர் கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை. பெயர்தான் படிவத்தின் தலையிலேயே அச்சாகியிருந்ததே.

இரண்டாவது சந்திப்பு அக்டோபரில், ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில். அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பெரியவர்கள் பையிலிருந்து வெள்ளைப் பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்து வரிசையில் கைமாற்றி விடுவார்கள். பிரசங்கம் எப்போதும் மூன்று பகுதி. முதல் பகுதிக்கு ஒரு மிட்டாய். அதை நாக்கில் வைத்துக் கரைய விட வேண்டும், கடிக்கக் கூடாது. கடிக்கிறவனுக்கு வேதமும் பொறுமையும் தெரியாது என்று பொருள். அந்த ஊரில் பெண் கொடுப்பதற்கு முன்பு மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மிட்டாய் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு.

கறைச்சட்டைக்காரர் கடைசி வரிசையில் கெர்ரிட் பக்கத்தில் வந்து அமைதியாக உட்கார்ந்தார். ஏஜெண்ட் முதல் வரிசைக்குப் போனார். கோவிலுக்குள் அரசியல் பேசக் கூடாது என்பது சட்டம். அதனால் போதகர் பொதுவாக 'விருந்தினருக்கு வந்தனம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிட்டாய்கள் நகர்ந்தன. கெர்ரிட் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் மிட்டாயை வாயில் போட்டார். முதல் பகுதி முடியும்வரை அவர் தாடை அசையவில்லை.

முதல் வரிசையிலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. போதகரே ஒரு கணம் நிறுத்தினார். ஏஜெண்ட் இரண்டாவது மிட்டாய்க்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவனையெல்லாம் கூட வைத்துக்கொண்டு கட்டி மேய்க்கிறாரே, எவ்வளவு பொறுமைசாலி என்று சபை முழுக்கக் கறைச்சட்டைக்காரருக்காக இரக்கப்பட்டது. வெளியே வந்ததும் நாற்பது பேரும் அவர் கையைக் குலுக்கினார்கள். பஸ் ஓட்டுகிறவருக்குக்கூட இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று அவர் நெகிழ்ந்துபோனார். அவர் பஸ் ஓட்டுகிறவர் என்பது யாருக்கும் தெரியாது, அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது சந்திப்பு டிசம்பரில், கெர்ரிட் வீட்டு மத்தியானச் சாப்பாடு. அவர் மனைவி ஆர்லிஸ் பன்றியிறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும் பாதாம் பலகாரமும் செய்திருந்தாள். பஸ் வந்தது. கறைச்சட்டைக்காரர் மட்டும் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவருக்கு போன் வந்துடுச்சு. ஆரம்பிச்சா லேசுல முடியாது. என்னைப் போய்ச் சாப்பிடச் சொல்லிட்டாரு."

கூட ஒட்டிக்கொண்டு வருகிறவன் சொன்னால்கூட மறுபேச்சில்லாமல் கேட்கிற மனிதர் என்று கெர்ரிட் மனசு குளிர்ந்தது. வந்தவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். குழாயின் வாயைச் சரிசெய்தாயிற்றா என்று மறக்காமல் விசாரித்தார். பிறகு தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

கெர்ரிட் அந்த நேரத்தில் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் முழுகியிருந்தார். 'வேட்பாளரின் எளிமை இயல்பானதா, பயின்றதா? காரணம் தருக' என்ற கேள்விக்குக் காரணம் தந்துகொண்டிருந்தார். சமையலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தோடு ஏதோ பேச்சும் கேட்டது. அவர் காதில் அது ஏறவில்லை.

"தட்டை வச்சுடுங்க, நான் கழுவிக்கறேன்" என்றாள் ஆர்லிஸ். "உங்க பேரு என்ன?"

"லைல். லைல் மக்கார்ட்டி. பஸ் ஓட்டறேன்."

"எத்தனை குழந்தைங்க லைல்?"

"ஒரே பொண்ணு. ஒமாஹாவுல நர்ஸா இருக்கா."

"அடிக்கடி வருவாளா?"

அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆறு தட்டும் கழுவி, துடைத்து, அடுக்கி ஆகிவிட்டன.

அன்று சாயங்காலம் ஆர்லிஸ் வாய் திறந்தாள். "கெர்ரிட், மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போனாரே, அவரு..."

கெர்ரிட் கையை உயர்த்தித் தடுத்தார். "அஞ்சாம் விதி."

ஐந்தாம் விதிப்படி, சான்றிதழ் ஒப்படைக்கும்வரை கணவனும் மனைவியும் வேட்பாளரைப் பற்றிக் கலந்து பேசக் கூடாது. பேசினால் அது தனிப்பட்ட அபிப்பிராயம் ஆகாது, குடும்ப அபிப்பிராயம் ஆகிவிடும். அதற்கு வேறு படிவம். ஆர்லிஸ் சரி என்று சொல்லிவிட்டு, அவர் கோழிக்கிறுக்கலில் எழுதிவைத்திருந்த பதினான்கு பக்கத்தையும் தன் சாய்ந்த அழகான எழுத்தில் மூன்று பிரதி எடுத்துக்கொடுத்தாள். நாற்பத்தேழு வருஷமாக அவர் எழுதுகிற எதையும் அவள்தான் நகலெடுப்பாள். கெர்ரிட் கையெழுத்து மட்டும் போட்டார். பதினான்கு பக்கத்துக்கும் 'மிகச் சிறப்பு'. லவோன் அம்மாள் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

ஜனவரி மாதம், கட்சியின் வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போட்டுச் சொல்லும் வட்டாரக் கூட்டம் வந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே மூச்சு உறைகிற குளிர். நாற்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். லவோன் அம்மாள் விதிப்புத்தகத்தோடு மேற்பார்வைக்கு வந்திருந்தார். ஏஜெண்ட் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். எஞ்சின் உறைந்துவிடக் கூடாதென்று பஸ்ஸை யாரோ வெளியே உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கெர்ரிட் எழுந்து ஏழு நிமிஷம் பேசினார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. வெடித்த உள்ளங்கையைச் சொன்னார். தாடை அசையாத பெப்பர்மின்ட்டைச் சொன்னார். இரண்டாவது கேள்வியை மட்டும் இரண்டு தடவை சொன்னார். ஹூக்ஸ்ட்ராகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போது வேட்பாளரே உங்கள் முன்னால் பேசுவார் என்று சொல்லிவிட்டு, கெர்ரிட் வாசல் கதவைப் பார்த்தார்.

முதல் வரிசையிலிருந்து ஏஜெண்ட் எழுந்து மேடைக்கு வந்தார்.

"தம்பி, நீங்க உக்காருங்க" என்று கெர்ரிட் காதோடு சொன்னார். "அவரு வரட்டும்."

"யாரு வரணும்?"

"பிரெஸ்காட்."

"நான்தான் பிரெஸ்காட்."

கீழ்த்தளமே வாசல் கதவிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தது. பிரெஸ்காட் எதையும் கவனிக்கவில்லை, அது அவர் வழக்கமும் இல்லை. நம்முடைய மூன்று சந்திப்பும் என் நெஞ்சில் நிற்கிறது என்றார். இந்த வட்டாரத்தின் கோதுமையைப் புகழ்ந்தார். அங்கே கோதுமை விளைந்து யாரும் பார்த்ததில்லை. தாம் பதவிக்கு வந்தால் தேவையில்லாத படிவங்களையெல்லாம் ஒழிப்பதாகச் சத்தியம் செய்து, அதற்காக ஒரு துணைக்குழு அமைக்கப்போவதாகவும் அறிவித்தார். பிறகு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஹூக்ஸ்ட்ரா இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. மெதுவாக எழுந்தார்.

"கெர்ரிட், நீ யாரைப் பத்திப்பா சொன்ன?"

"பஸ்ஸுல முதல்ல இறங்கறவரை."

"அவரு டிரைவர்."

"அது இப்பத்தான் தெரியுது." கெர்ரிட்டுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "நீயும்தானே கையைக் குலுக்கின?"

"நீ குலுக்கினன்னு நான் குலுக்கினேன்."

அந்த ஒரு வார்த்தையில் கெர்ரிட் உடைந்துபோனார். தலைவர் பதவி போனால் போகட்டும். இனி காபி மேஜையில் எக்ஸ்ரே என்ற சொல்லை எடுத்தாலே சிரிப்பார்களே. மூன்று சந்திப்பு, பதினோரு மாத விரதம், இரண்டு தடவை பள்ளம், எல்லாம் ஒரு டிரைவரைத் தெரிந்துகொள்ளத்தானா? லவோன் அம்மாளிடம், சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சன்னமாகச் சொன்னார்.

லவோன் அம்மாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "முடியாது. பன்னிரண்டாம் விதி. ஒருதரம் முத்திரை குத்தின அபிப்பிராயத்தை வாபஸ் வாங்க முடியாது, மாத்தவும் முடியாது."

"ஆனா ஆளு வேறயாச்சே."

"நீங்க எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா?"

கெர்ரிட் யோசித்தார். "ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

"அப்ப சான்றிதழ் செல்லும்" என்றார் லவோன் அம்மாள். "ஆளுதான் செல்லாது."

இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் கீழ்த்தளத்தில் உயிர் வந்தது. நியாயமாகத்தானே இருக்கிறது? மூன்று முறை பார்த்தது அந்த மனிதரை. பெப்பர்மின்ட்டைக் கரையவிட்டது அந்த மனிதர். பிரெஸ்காட்டைப் பிரெஸ்காட் என்று தெரிந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறோம், ஒரு தடவை பார்த்தவருக்கு ஓட்டுப் போட நாம் என்ன அடுத்த மாவட்டத்துக்காரர்களா என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். ஹூக்ஸ்ட்ராவே ஆமாம் போட்டார். கெர்ரிட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஓட்டு என்பது வெறும் வெள்ளைத் துண்டுச்சீட்டு. பிடித்தவர் பெயரைத் தன் கையால் எழுதி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட வேண்டியதுதான். லவோன் அம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, வாக்கெடுப்பு தொடங்கிவிட்டது, இனி யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரக் கூடாது, வெளியாளிடம் பேசவும் கூடாது என்று அறிவித்தார். நாற்பத்தொரு பேரும் பென்சிலை எடுத்தார்கள்.

எடுத்த பென்சில் அப்படியே நின்றது.

"அவரு பேரு என்ன?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் கெர்ரிட்டைப் பார்த்தார்கள். மூன்று முறை சந்தித்தவர் அவர்தானே. கெர்ரிட் சான்றிதழின் பிரதியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினார். கைகுலுக்கலின் அழுத்தம் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசிய நொடிகளின் எண்ணிக்கை இருந்தது. உணவில் ஆர்வம், மண்ணில் ஆர்வம், பதிலைக் கேட்கும் பொறுமை எல்லாம் இருந்தன. அவர் பெயர் மட்டும் இல்லை, தலையில் அச்சாகியிருந்தது பிரெஸ்காட்டின் பெயர். ஜன்னலுக்கு வெளியே பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பத்தடி போய்க் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் கதவு தாழிட்டிருந்தது.

ஆர்லிஸ் ஏதோ சொல்லப் பார்த்தாள். கெர்ரிட், கொஞ்சம் சும்மா இரு, யோசிக்கிறேன் என்றார். அவள் தன் சீட்டுக்குத் திரும்பினாள்.

கடைசியில் ஆளுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து லவோன் அம்மாள் வாசித்தார். 'பஸ்காரர்' பதினேழு. 'எண்ணெய்க் கறை' ஒன்பது. 'மிட்டாயைக் கடிக்காதவர்' எட்டு. 'கெர்ரிட் சொன்ன ஆள்' ஐந்து. 'இரண்டாவது கேள்வி' ஒன்று, அது கெர்ரிட்டுடையது. பெயரில்லாத சீட்டு செல்லாது என்று சொல்லி நாற்பதையும் அவர் ஒதுக்கிவைத்தார். நாற்பத்தோராவது சீட்டை விரித்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"லைல் மக்கார்ட்டி."

யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை. சீட்டு கைமாறிக் கைமாறி வந்தது. சாய்ந்த, அழகான எழுத்து. எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று கெர்ரிட்டுக்குப் பட்டது. ஊறுகாய் ஜாடியில் ஒட்டிய சீட்டிலோ, காப்பீட்டுக் காகிதத்திலோ, எங்கே என்று பிடிபடவில்லை.

லவோன் அம்மாள் மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தார். செல்லும் ஓட்டு ஒன்று, அது மக்கார்ட்டிக்கு, பிரெஸ்காட்டுக்குப் பூஜ்யம் என்றார். மறுமுனையில் கணக்குப் போட்டு, நாலாம் வட்டாரத்தில் மக்கார்ட்டி நூறு சதவீதம் என்று பதிந்துகொண்டார்கள். மறுநாள் பத்திரிகைகளெல்லாம் மக்கார்ட்டி அலை எங்கிருந்து புறப்பட்டது என்று தலையங்கம் எழுதின. நிபுணர்கள் நான்கு பேர், தாங்கள் இதை முன்பே கணித்திருந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். லைல் மக்கார்ட்டி அன்றைக்குப் பஸ்ஸை ஒமாஹாவில் விட்டுவிட்டு மகளைப் பார்க்கப் போயிருந்தார்.

அலையைத் தொடர்ந்து நாகரிகமும் மாறியது. அடுத்துத் தேர்தலுக்கு நின்றவர்களெல்லாம் தாங்களே பஸ் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ் ஓட்டத் தெரியாத மூன்று பேர் மூன்று வேலியைச் சாய்த்தார்கள். முழங்கையில் எண்ணெய்க் கறை போட்டே தைத்த மேல்சட்டை நகரத்துக் கடைகளில் கறையில்லாததைவிட இரண்டு மடங்கு விலைக்கு விற்றது. ஒரு வேட்பாளர் முதல் கேள்வியையே விட்டுவிட்டு நேராக இரண்டாவது கேள்வி கேட்டார். பல் மருத்துவர்கள் பெப்பர்மின்ட் பயிற்சி அளித்தார்கள்.

மாவட்ட அலுவலகம் சும்மா இருக்குமா? படிவத்தில் இல்லாத ஒரு தகவலை ஒருவர் அறிந்திருக்கிறார், அது எப்படி நேர்ந்தது என்று கண்டறிய ஒரு விசாரணை கட்டாயம் தேவை என்று தீர்மானித்தது. விசாரணை அறிக்கையைத் துணைக்குழு ஆட்சேபணையின்றி ஏற்றால் கெர்ரிட் தலைவராக நீடிக்கலாம், இல்லாவிட்டால் பதவி ஹூக்ஸ்ட்ராவுக்கு. விசாரணை அதிகாரியும் கெர்ரிட்தான். மனிதரை எடைபோடுவதில் அவருக்குள்ள அனுபவத்தைக் கருதி அப்படி நியமித்தார்கள்.

கெர்ரிட் முறைப்படி இறங்கினார். நாற்பத்தொரு பேரில், தன்னைத் தானே விசாரிக்க முடியாது என்பதால் ஒன்றைக் கழித்தார். சந்திப்பு என்றால் ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும் அல்லது இவர் வெளியே போக வேண்டும் என்று விதி இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவரைச் சந்திப்பது சந்திப்பாகாது என்பதால் இன்னொன்றையும் கழித்தார். மிச்சம் முப்பத்தொன்பது பேர். ஆளுக்கு மூன்று முறை, நூற்றுப் பதினேழு சந்திப்பு, நூற்றுப் பதினேழு கோப்பைக் காபி. ஏப்ரல் வந்துவிட்டது. ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

இதற்கிடையில் ஒமாஹாவிலிருந்து ஒரு படத்தபால் அட்டை வந்தது. ஆர்லிஸ் அதைப் படித்துவிட்டு, ஆற்றுப்பாலத்தின் படம் வெளியே தெரிய, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். கெர்ரிட் தினமும் பாலத்தைப் பார்த்துக்கொண்டே பால் எடுத்தார்.

விசாரணை முடிந்த அன்று மத்தியானம் அவர் தட்டில் பன்றியிறைச்சி உருண்டையை வைத்தபடி ஆர்லிஸ் கேட்டாள். "வடக்கு மூலைல தண்ணி வடிஞ்சுதா, கெர்ரிட்?"

"வடிஞ்சுடுச்சு."

"குழாய் வாயை ஓடையை விட எவ்வளவு உயரமா வச்ச?"

கெர்ரிட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி. இதை இப்படிக் கேக்கறவர் ஒருத்தர்தான் இருந்தாரு."

"யாரு?"

"உனக்குத் தெரியாது" என்று பெருமூச்சு விட்டார்.

சாப்பிட்டதும் அறிக்கையை எழுதினார். நாலாம் வட்டாரத்தில் லைல் மக்கார்ட்டி என்ற பெயரை அறிந்தவர் எவரும் இல்லை என்பது தமது நேரடியான, தனிப்பட்ட, உறுதியான அபிப்பிராயம் என்று முடித்தார். கோழிக்கிறுக்கலாக இருந்ததால் ஆர்லிஸிடம் கொடுத்தார். அவள் மேஜையைத் துடைத்து, உட்கார்ந்து, தன் சாய்ந்த அழகான எழுத்தில் மூன்று பிரதி எடுத்துக்கொடுத்தாள்.

மாவட்ட அலுவலகத்தில் லவோன் அம்மாள் அறிக்கையை அந்தத் துண்டுச்சீட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தினார். துணைக்குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நுணுக்கமாகப் பரிசீலித்து, ஆட்சேபணை ஏதுமில்லை என்று கையெழுத்திட்டார்கள். கெர்ரிட் தலைவராகவே நீடித்தார். கூர்மையான பார்வைக்காக அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் வந்தது. அதைச் சட்டம் போட்டு எங்கே மாட்டலாம் என்று சமையலறையில் நின்று சுற்றும்முற்றும் பார்த்தார். பாலத்துப் படத்துக்கு மேலே இடம் இருக்கிறது என்று ஆர்லிஸ்தான் காட்டினாள்.